தரங்கம்பாடியின் வரலாற்றை ஆவணங்களில் தேடுவது எப்படி: கடற்கரையிலிருந்து கோபன்ஹேகன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையையும் மாசிலாமணி நாதர் கோயிலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் சிலருக்கேனும், இந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள், என்ன விற்றார்கள், எதற்காக வழக்காடினார்கள், எந்தக் கப்பலில் எங்கே போனார்கள் என்ற கேள்விகள் மனத்தில் தங்கிவிடுகின்றன. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ஏடுகளில் பெரும்பாலானவை ஊரில் இல்லை. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த ஊர் என்பதால், அதன் எழுத்துச் சான்றுகள் சென்னை எழும்பூரிலும், டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும், லண்டனிலும், நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் பிரிந்து கிடக்கின்றன. எங்கே எதைத் தேட வேண்டும், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று தெரியாமல் தொடங்கி, ஆறு மாதத்தில் சோர்ந்து விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். சொந்த ஊரின் கதையைத் தேட நினைக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும், குடும்ப வரலாறு தேடுவோருக்கும் பயன்பட வேண்டும் என்றே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

'தரங்கம்பாடியின் வரலாறு' என்று கேட்டால் எந்த ஆவணக்காப்பகமும் விடை தராது. ஆவணங்கள் பொருள்வாரியாக அடுக்கப்படவில்லை. எந்த அலுவலகம் அவற்றை உருவாக்கியதோ அந்த அலுவலகத்தின் பெயரிலேயே அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே கேள்விக்குள் ஒரு காலமும் ஒரு செயலும் இருக்க வேண்டும். '1790களில் துறைமுகத்தில் சுங்கம் எப்படி வசூலிக்கப்பட்டது' என்பது தேடக்கூடிய கேள்வி. 'என் முன்னோர் 1820 வாக்கில் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்கிறார்கள், அதற்குப் பதிவு உண்டா' என்பதும் அப்படியே. சுங்கம் என்றவுடன் அரசின் கணக்குப் புத்தகம், ஞானஸ்நானம் என்றவுடன் சபைப் பதிவேடு என்று வழி தானாகத் தெரியும்.

இரண்டாம் படி: ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள்

இதை வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். கடலோரக் கோயிலின் பழைய கல்வெட்டு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 1306 என்று அதன் ஆண்டைக் கணக்கிடுகிறார்கள். அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. டேனியர் காலடி வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஒரு பட்டினம் என்பதற்கு இந்தக் கல்லே முதல் ஆவணம். அதே கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது என்பதையும் நேரில் பாருங்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் ஒரு பகுதி இன்று ஏன் தண்ணீருக்குள் இருக்கிறது என்ற குழப்பம் பின்னால் வராது.

கையில் 1733ஆம் ஆண்டு டிரெல்லுண்ட் வரைந்த நகர வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு, நிலவாசல் (நிலப்பக்க நகர வாயில்) வழியாக ராஜ வீதியில் நுழைந்து கோட்டை வரை நடங்கள். சீயோன் தேவாலயம் 1701இலும் புதிய எருசலேம் தேவாலயம் 1718இலும் எழுந்தவை. இரண்டும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. வீதிகளின் போக்கு பெரும்பாலும் மாறவில்லை என்பதால், ஆவணத்தில் 'கோட்டைக்கு வடக்கே, மசூதித் தெருவுக்கு அருகே ஒரு வீடு' என்று வந்தால் அந்த இடத்தில் கால் வைத்து நிற்க உங்களால் முடியும். ஏட்டில் மட்டும் ஊரைப் படித்தவருக்கு இந்த வசதி கிடைக்காது.

மூன்றாம் படி: ஆட்சி மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்

என் மேசைக்கு எதிரே இந்தத் தாள் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஏடு எழுதும் அலுவலகமும் மாறுகிறது. அலுவலகம் மாறினால் ஏடு போய்ச் சேரும் இடமும் மாறுகிறது.

1616இல் டேனிஷ் கிழக்கிந்திய நிறுவனம் தொடங்கியது. 1620 நவம்பரில் ஓவே யெத்தெ என்ற தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. முதல் நிறுவனம் 1650இல் கலைக்கப்பட்டது. இரண்டாவது நிறுவனம் 1670 முதல் 1729 வரை நடந்தது. 1732இல் டேனிஷ் ஆசியக் கம்பெனி உரிமை பெற்றது. 1777இல் டேனிஷ் அரசரே ஊரைத் தம் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நெப்போலியன் காலப் போர்களில் 1801இலும், பிறகு 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் செராம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கடைசி டேனிஷ் ஆளுநர் பேடர் ஹான்சன். அதன்பின் 1860 வரை தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமே தரங்கம்பாடிதான். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இங்கிருந்த வணிகம் அங்கே நகர்ந்தது.

இதன் பயன் உடனே தெரியும். 1760ஆம் ஆண்டுச் சரக்குக் கணக்கை ஆசியக் கம்பெனியின் கட்டுகளில் தேட வேண்டும். 1785ஆம் ஆண்டுக் கணக்கை அங்கே தேடினால் நாள்தான் வீணாகும், கோபன்ஹேகனின் வணிக, சுங்கத் துறைகளின் கட்டுகளுக்குப் போக வேண்டும். 1810ஆம் ஆண்டுச் செய்தி வேண்டுமானால் டேனிஷ் ஏட்டைவிடச் சென்னை அரசின் ஆலோசனைப் பதிவுகளே உதவும்.

நான்காம் படி: பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள்

தரங்கம்பாடி என்பதை டேனியர் திராங்கெபார் என்றும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டிரங்குபார் என்று ஒலிக்கும் வகையிலும் பல எழுத்துக்கூட்டல்களில் எழுதினர். பொறையாறு, தில்லையாடி, சந்திரபாடி ஆகியவையும் இப்படித்தான் உருமாறி வரும். ஒவ்வொரு ஊருக்கும் நீங்கள் காணும் வடிவங்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தேடுபட்டியலில் ஒரே வடிவத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது.

மக்களின் பெயர்களில் இன்னும் கவனம் தேவை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஏடுகளில் 'மலபார் மொழி' என்றால் அது தமிழ். 'மலபாரியர்' என்றால் தமிழர். கேரளத்தைப் பற்றியது என்று எண்ணி இந்தக் கட்டுகளைத் தள்ளிவைத்த மாணவர்கள் உண்டு. 'மூர்' என்று வருவது முஸ்லிம்களை. 'சூலியா' என்பது பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களையும் மாலுமிகளையும் குறிக்கும். துபாஷி (ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்த்தவர்) என்ற சொல் மட்டும் ஏறக்குறைய நாம் அறிந்த உருவிலேயே வரும்.

ஐந்தாம் படி: எழும்பூரில் தொடங்குங்கள்

வெளிநாட்டுக்கு எழுதுவதற்கு முன், சென்னை எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கிய இடம் அது. டேனிஷ் ஆவணங்கள் என்று ஒரு தனித்தொகுதி அங்கே இருக்கிறது. அதோடு 1845க்குப் பிந்தைய தஞ்சை மாவட்ட ஆவணங்கள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள் ஆகியவையும் உள்ளன. டேனிஷ் மொழி தெரியாதவருக்கு இந்த இரண்டாம் வகையே பெருஞ்செல்வம். ஏனெனில் ஊரை விலைக்கு வாங்கிய புதிய நிர்வாகம், பழைய உரிமைகள் என்னென்ன, யாருக்கு மானியம், எந்தக் கட்டடம் யாருடையது என்றெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு எழுதி வைத்தது.

போகும்போது அடையாள அட்டையும், கல்லூரி அல்லது நிறுவனத்திலிருந்து பரிந்துரைக் கடிதமும் எடுத்துச் செல்லுங்கள். நடைமுறையை முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. பென்சிலை மட்டுமே பயன்படுத்துங்கள். முதல் நாள் ஏட்டைக் கேட்காதீர்கள். அட்டவணைகளை மட்டும் பாருங்கள். ஆண்டுவாரியான அகரவரிசை அட்டவணையில் ஊர்ப் பெயரின் கீழ் வரும் எண்களை எல்லாம் எழுதிக்கொண்டு, மறுநாள் அவற்றில் மிக முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுங்கள். ஏட்டின் தொகுதி எண், தேதி, பக்க எண் மூன்றையும் குறிக்காமல் ஒரு வரியைக்கூடப் படி எடுக்காதீர்கள். நான் முதல் ஆண்டில் எடுத்த குறிப்புகளில் பாதிக்கும் மேல் பக்க எண் இல்லாததால், பிறகு எழுதும்போது ஒன்றையும் சான்றாகக் காட்ட முடியாமல், மறுபடியும் போய் அதே ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஏட்டைக் கையாளும்போது அதன் மையைக் கவனியுங்கள். அந்தக் காலத்து இரும்பு மை, கடலோர ஈரத்தில் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடமெல்லாம் சல்லடைக் கண்ணாக, எழுத்தின் வடிவிலேயே துளை விழுந்திருக்கும். அத்தகைய பக்கத்தை விரலால் தொடாமல், கீழே ஓர் அட்டையைச் செருகி, அட்டையோடு சேர்த்தே திருப்ப வேண்டும்.

ஆறாம் படி: கோபன்ஹேகன்

டேனிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் நம் ஊரைப் பற்றிய மிக அழகான ஆவணம் இருக்கிறது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு 1620இல் அனுப்பிய கடிதம் அது. பொன் தகட்டில், பனையோலையை ஒத்த நீண்ட வடிவில், தமிழில் எழுதப்பட்டு, நாயக்கரின் கையொப்பம் தெலுங்கில் இடப்பட்டிருக்கிறது. தஞ்சை அரசின் மொழி நடைமுறை முழுவதையும் இந்த ஒரு தகடு சொல்லிவிடுகிறது: எழுதுவது தமிழில், கையெழுத்து தெலுங்கில், பெறுபவர் டென்மார்க்கில். அதன் படத்தை ஒருமுறையாவது நிதானமாகப் பாருங்கள்.

மற்றவை காகித ஏடுகள். ஆசியக் கம்பெனிக் கப்பல்களில் இருவகை ஏடுகள் எழுதப்பட்டன என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஒன்று கப்பல் செலுத்தும் நாளேடு: காற்று, திசை, நீரின் ஆழம், இறந்த மாலுமி. மற்றொன்று வணிகப் பதிவேடு: என்ன வாங்கினார்கள், யாரிடம், என்ன விலைக்கு. துணி வணிகம் பற்றிய கேள்வியோடு முதல் வகையைத் திறந்தால் காற்றைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. நிலத்து நிர்வாகத்துக்கு ஆளுநர் அலுவலகத்தின் தீர்மானப் புத்தகங்கள், கடிதப் படிகள், நீதிமன்ற ஏடுகள் உள்ளன. உள்ளூர் மக்களின் வழக்குகளுக்கென்றே 'கறுப்பர் நீதிமன்றம்' என்று டேனியர் பெயரிட்ட ஒரு மன்றம் இங்கு இருந்தது. அந்தப் பெயரில் உள்ள இழிவு ஒருபுறம் இருக்க, கடன், சொத்து, குடும்பச் சண்டை என்று சாதாரண மக்களின் குரல் ஓரளவுக்கேனும் பதிவானது இத்தகைய ஏடுகளில்தான். மீனவர், நெசவாளர், கூலியாள் ஆகியோரைத் தேடுபவர் ஆளுநரின் கடிதங்களைவிட வழக்கேடுகளில் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்து ஒரு பெரிய தடை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை டேனியர் கோதிக் கையெழுத்தில் எழுதினர். அதில் 'எ' ஒலிக்குரிய எழுத்தும் 'ந' ஒலிக்குரிய எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். 'உ' ஒலிக்குரியதன் தலைமேல் ஒரு சிறு வளைவு இருப்பதால்தான் அது பிரித்தறியப்படுகிறது. அஞ்ச வேண்டாம், நமக்குச் சாதகமான ஒரு வழக்கம் உண்டு. அயல்மொழிச் சொற்களையும் பெயர்களையும் எழுத்தர்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தில் எழுதினர். ஆகவே பக்கம் முழுவதும் விளங்காவிட்டாலும் தமிழ்ப் பெயர்கள் தனியாகத் துலங்கும். முதலில் அவற்றை மட்டும் பொறுக்குங்கள். பிறகு தேதிகள், தொகைகள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் என்று விரியுங்கள். ஒரே எழுத்தரின் கையெழுத்தில் இருபது பக்கங்களை விடாமல் படித்தால் இருபத்தொன்றாவது பக்கம் தானாக இளகும்.

நேரில் போக முடியாதவர்கள் முதலில் இணையத் தேடுபட்டியலைப் பாருங்கள்; எண்மப் படிகள் உள்ளனவா என்று தொடர்வாரியாகச் சரிபாருங்கள். கடிதம் எழுதினால், தொடரின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஏழாம் படி: ஹாலே

1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சா என்ற இரு லுத்தரன் மிஷனரிகள் தரங்கம்பாடியில் இறங்கினர். அவர்களை அனுப்பியவர் டேனிஷ் மன்னர். அவர்களுக்குப் பின்பலமாக இருந்தது ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனம். அவர்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் சேகரித்த ஓலைச்சுவடிகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அச்சுக்கூடம், 1715இல் முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, பள்ளிகள், மருத்துவம், தாவரவியல் என்று பல துறைகளுக்கு இது ஊற்று.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்ட மிஷன் அறிக்கைகள் நன்கொடையாளர்கள் படிப்பதற்காகத் திருத்தி வெட்டப்பட்டவை. அச்சில் இல்லாதது கையெழுத்தில் இருக்கக்கூடும், குறிப்பாகச் சண்டைகளும் ஏமாற்றங்களும். இரண்டாவது, 1712 முதல் 1714 வரை தமிழர்கள் மிஷனரிகளின் கேள்விகளுக்கு எழுதிய விடைக் கடிதங்கள் நமக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பாகவே கிடைக்கின்றன. தமிழரின் கருத்து என்று அவற்றை எடுத்தாளும்போது, இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கை புகுந்திருக்கிறது என்பதை எழுதாமல் விடக் கூடாது.

ஒரே நிகழ்வை இரு தரப்பு ஏடுகளில் படிப்பது எப்படி என்பதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் தரும் பயிற்சி, சீகன்பால்குவின் சிறைவாசம். 1708 இறுதியில் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவரைச் சிறைப்பிடித்து நான்கு மாதம் வைத்திருந்தார். ஹாலேக்குப் போன கடிதங்களில் இது நற்செய்திக்காகப் பட்ட துன்பம். டேனிஷ் கிழக்கிந்திய நிறுவனத்தின் பார்வையிலோ இது ஊரின் அமைதியையும் அதிகாரத்தையும் பற்றிய விவகாரம். எவர் பக்கம் நியாயம் என்று உடனே தீர்க்க முயலாமல், இரு பத்திகள் வரைந்து, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்திகளை நடுவில் எழுதுங்கள். நடுவில் நிற்பவை மட்டுமே உங்கள் கட்டுரையில் ஐயமின்றிச் சொல்லத்தக்கவை; மற்றவற்றை 'இன்னார் கூற்றுப்படி' என்றுதான் எழுத வேண்டும்.

எட்டாம் படி: தேதியைச் சரிசெய்யுங்கள்

இதில் தவறாதவர் இல்லை. டென்மார்க் 1700 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; அவ்வாண்டு பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று. டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் அதற்கு நூறாண்டு முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டனர். ஆங்கிலேயரோ 1752 வரை மாறவில்லை. ஆகவே 1700க்கு முன், தரங்கம்பாடி ஏட்டின் தேதி நாகப்பட்டினத்து டச்சு ஏட்டின் தேதிக்குப் பத்து நாள் பின்தங்கி நிற்கும். 1700க்குப் பின் 1752 வரை, சென்னைக் கோட்டையின் தேதி தரங்கம்பாடிக்குப் பதினொரு நாள் பின்தங்கும். சீகன்பால்கு வந்திறங்கிய ஜூலை 9, சென்னை எழுத்தரின் ஏட்டில் ஜூன் 28. நம் கணக்கில் அது விய ஆண்டு ஆனி மாதம்.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் உள்ள ஓலை கிடைத்தால் அறுபதாண்டுச் சுழற்சியை நினைவில் கொள்ளுங்கள். ரௌத்திரி என்றால் அது 1620ஆகவும் இருக்கலாம், 1680ஆகவும் இருக்கலாம், 1740ஆகவும் இருக்கலாம். ஓலையில் வரும் அதிகாரியின் பெயரோ நாணயத்தின் பெயரோதான் எந்தச் சுற்று என்பதைத் தீர்க்கும்.

ஒன்பதாம் படி: ஏடு மௌனமாக இருக்கும்போது அண்டை ஊரைக் கேளுங்கள்

முதல் டேனிஷ் நிறுவனத்தின் ஏடுகளில் பெரும்பகுதி எஞ்சவில்லை. 1640 முதல் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அந்த ஆண்டுகளின் பிற்பகுதியில் எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்பவர் உள்ளூர்ப் படையினரோடு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். இத்தகைய காலத்தை எழுத நாகப்பட்டினத்து டச்சுக்காரரும் சென்னை ஆங்கிலேயரும் தம் தலைமைக்கு அனுப்பிய கடிதங்களே துணை. டச்சு நிறுவனத்தின் ஏடுகள் ஹேக் நகரிலும், ஒரு பகுதி எழும்பூரிலும் உள்ளன. 2003இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆங்கிலேயரின் ஏடுகள் எழும்பூரிலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கிடைக்கும். 1739 முதல் காரைக்காலில் இருந்த பிரெஞ்சுக்காரரையும் மறக்க வேண்டாம். போட்டியாளன் எழுதும் செய்தியில் பொறாமை இருக்கும், ஆனால் எண்ணிக்கை பெரும்பாலும் இருக்கும்: எத்தனை தோணி வந்தது, எத்தனை மூட்டை ஏறியது என்று அவன் கவனித்துக்கொண்டே இருந்தான்.

பத்தாம் படி: ஊருக்குள் மிஞ்சியிருப்பவை

சபைப் பதிவேடுகள், கோயில் கணக்குகள், பள்ளிவாசல் ஆவணங்கள், மீனவப் பஞ்சாயத்தின் நோட்டுகள், வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பத்திரங்கள் ஆகியவை எந்த அட்டவணையிலும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியபோது வீட்டோடு சேர்ந்து போன தாள்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எஞ்சியவற்றை இப்போதே படி எடுக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு.

கேட்கும் முறையில் மரியாதை வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போங்கள். 'ஐயா, இந்தப் பத்திரத்தை நாங்கள் எடுத்துப் போக மாட்டோம், உங்கள் திண்ணையிலேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலத் தகராறு நடக்கும் வீடுகளில் பத்திரம் என்ற சொல்லே அச்சம் தரும். வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சத்தில், மேலிருந்து செங்குத்தாக, ஓரத்தில் ஓர் அளவுகோல் தெரியுமாறு படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பணம் செலுத்திய குறிப்புகள் அங்கேதான் இருக்கும். மடிப்பு ஒட்டிப்போன தாளைப் பிரிக்க முயலாதீர்கள். ஒட்டுநாடா, நெகிழி உறை இரண்டும் வேண்டாம். உப்புக் காற்றில் நெகிழிக்குள் ஈரம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற தாளில் சுற்றி, இல்லையென்றால் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

படங்களுக்கு வீட்டின் பெயர், நாள், வரிசை எண் இட்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். அச்சிட்ட படி ஒன்றை, நீங்கள் வாசித்துப் புரிந்துகொண்டதைத் தெளிவான தமிழில் ஒரு பக்கம் எழுதி இணைத்து, அடுத்த முறை போகும்போது அந்த வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டாவது பெட்டியை எடுத்து வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.